கூடத்தில் வித்துவான் வேண்டா

நவராத்திரிக்கும் பொங்கலுக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றன் இல்லத்துக்கு மற்றொன்று சென்றுவரும் நாட்களில், தில்லி வீடுகளில் தவறாது காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் சார், வித்துவான் இந்தக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்து பாடுவது போல இருக்கும்" என்பது அது. சொல்பவர் தாம் வாங்கிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை, பெற்ற பிள்ளைகளைக் காட்டும் பெருமிதத்துடன் காட்டுவார். விருந்தினர் கண்ணை மூடுவார், தலையை ஆட்டுவார், காப்பி வரும். அவ்வாக்கியம் உண்மைதானா என்று கேட்பார் இலர். உண்மையாக இருந்தாக வேண்டிய தேவை உண்டா என்று கேட்பாரோ அவரினும் அரியர். இவ்விரண்டையும் கேட்பதற்கே இக்கட்டுரை. முதல் வினாவுக்கு என் விடை, இல்லை என்பது. இரண்டாம் வினாவுக்கும் விடை அதுவே. வீட்டில் ஒலிக்கும் எந்திரம் நேரிசையை அப்படியே கொண்டுவந்து இறக்க வேண்டும் என்னும் ஆசை நம்மைத் தவறான கடைவீதிக்கு இழுத்துச் செல்கிறது. நம் பிள்ளைகளின் செவிக்குச் சேரவேண்டிய பொருளை அங்கே செலவிட்டுவிட்டு வருகிறோம்.

நான் இசைப் புலவன் அல்லன். ஒலிப் பொறியாளனும் அல்லன். நடுவணரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளில் குறிப்பெழுதிக் காலம் கழிப்பவன். ஆயினும் குறிப்பெழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எக்கோரிக்கை மேசைக்கு வந்தாலும், இதற்கு முன்னிகழ்வு உண்டா என்று பழைய கோப்பைத் தேடுவான். 'நேரில் கேட்பது போலவே' என்னும் கோரிக்கையின் பழைய கோப்பு மிகத் தடித்தது.

எடிசன் தம் பேசும் எந்திரத்தை உருவாக்கியது 1877-இல். 1915 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அவருடைய நிறுவனம் அமெரிக்க நகரங்களில் 'டோன் டெஸ்ட்' என்னும் ஒலிச் சோதனைகளை நடத்தியது. மேடையில் பாடகி நிற்பார். அருகே வைர ஊசி பொருத்திய இசைத்தட்டுப் பெட்டி. பாட்டு நடக்கையிலேயே விளக்குகள் அணையும். பாட்டு மட்டும் தடையின்றித் தொடரும். மீண்டும் விளக்கு எரியும்போது மேடையில் பாடகி இரார், பெட்டிதான் பாடிக்கொண்டிருக்கும். கூட்டம் திகைத்து ஆரவாரிக்கும். நினைவிருக்கட்டும்: இசையைப் பதிவு செய்ய மின்சார மைக் வருவதற்கும் முன்பு, புனல் போன்ற குழாய்க்குள் பாடிப் பதிந்த காலம் அது. அன்றைய தட்டை இன்று கேட்கும் சிறுவனும் ஒரு நொடியில் வேறுபாட்டைச் சொல்லிவிடுவான். பின் அவர்கள் எங்ஙனம் ஏமாந்தனர்? அச்சோதனைகளில் பாடிய அன்னா கேஸ் என்னும் பாடகி, தம் குரலை எந்திரத்தின் குரலுக்கு ஒத்துவருமாறு அமைத்துக்கொண்டு பாடியதாகப் பின்னாளில் சொன்னார். எந்திரம் மனிதரைப் போலப் பாடவில்லை. மனிதர்தாம் எந்திரத்தைப் போலப் பாடினார். இச்செய்தியை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன். நம் சபைகளைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

அடுத்த கோப்பு நேர்மையானது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்னும் அமெரிக்க நிறுவனம், ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்னும் நால்வர் குழுவை மேடையேற்றி, அவர்கள் வாசிப்பிலிருந்து பதிவின் ஒலிக்கும், பதிவிலிருந்து வாசிப்புக்கும் மாறி மாறிச் சென்று காட்டியது. மாறிய இடத்தைக் கேட்டவர்களால் எளிதில் கண்டுகொள்ள முடியவில்லை. இதில் மோசடி ஏதும் இல்லை. ஆனால் அது நிகழ்ந்த இடம் கச்சேரி மண்டபம். வில்லிசைக் கருவிகள் நான்கிற்கும் ஒலிபெருக்கிக்கும் அதே கூரை, அதே சுவர், அதே எதிரொலி. வீட்டிலோ ஒலிபெருக்கி கருவியை மட்டும் கொண்டுவந்தால் போதாது. மண்டபத்தையும் சேர்த்துத் தூக்கிவந்து 12 அடி அறைக்குள் வைக்க வேண்டும். அது வேறு வித்தை. அதை எவரும் இதுவரை செய்து காட்டவில்லை.

நெடுநேரத் தட்டு 1948-இல் வந்தது. கேசட் 1963-இல் வந்தது. குறுந்தட்டு 1982-இல் வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது 'இனி வேறுபாடே இல்லை' என்று விளம்பரம் செய்தனர். அடுத்தது வந்தபோது முந்தியதன் குறைகளை அதே வணிகர்களே எடுத்துரைத்தனர். இதனை விரித்துரைப்பது வீண்.

கேட்க வேண்டிய வினா வேறு. 'நேரில் கேட்பது போல' என்கிறோமே, எந்த நேரில்?

1973-இல் ஹாரி பியர்சன் என்பவர் அமெரிக்காவில் 'தி அப்சொல்யூட் சவுண்ட்' என்னும் இதழைத் தொடங்கினார். வீட்டு ஒலிக்கருவிகளை எடைபோட அவர் ஓர் அளவுகோல் வகுத்தார்: மெய்யான ஓரிடத்தில், மின்பெருக்கம் இன்றி, மெய்யான கருவிகள் எழுப்பும் ஒலி. ஏற்கத்தக்க அளவுகோலே. அவர்களுடைய செவ்வியல் இசைக்கு அது இன்றும் கைவசம் உள்ளது. அங்கே சிம்ஃபொனி மேடையில் எவரும் வயலினுக்கு முன் மைக் நிறுத்திப் பெருக்குவதில்லை. நம் அன்பர்கள் அந்த அளவுகோலில் பாதியை மட்டும் இறக்குமதி செய்தனர். 'நேரிசை' என்னும் பாதி வந்தது. 'மின்பெருக்கம் இன்றி' என்னும் பாதி சுங்கச் சாவடியிலேயே தங்கிவிட்டது.

கர்நாடக இசை மேடைக்கு மைக் வந்தது 1930-களில். அதற்கு முன்பு குரல் என்றால் கொட்டகையின் கடைசி வரிசை வரை தானே நடந்து செல்லும் குரல். 1933-இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்சத் தாயிப் பாட்டு அத்தகைய நாடக மேடையில் விளைந்தது. மைக் வந்தபின் சுருதி இறங்கியது. மென்குரல்களுக்கு வாழ்வு வந்தது. வீணையின் நுண்ணொலி பெரிய மன்றங்களில் கேட்டது. இவை நன்மைகளே. நான் மைக்கின் பகைவன் அல்லன். ஆயிரம் பேர் அமரும் மன்றத்தில் அது இன்றியமையாதது என்பதையும் மறுப்பவன் அல்லன்.

ஆனால் நூறு பேர் அமரும் அறையிலும் அதுவே ஆட்சி செய்வதேன்? இன்றைய கச்சேரியைப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் வித்துவான் பாடுவது பாதி, ஒலிக்காரரைப் பார்த்து விரலை உயர்த்துவது பாதி. அவர் 'இன்னும் கொஞ்சம்' என்பார்; வயலின்காரர் தமக்கும் கொஞ்சம் என்பார்; மிருதங்கக்காரர் சும்மா இருப்பாரா? ஒருவர்மேல் ஒருவர் ஏறி, வர்ணம் முடிவதற்குள் இருபுறமும் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெட்டிகள் கர்ச்சிக்கத் தொடங்கிவிடும். வயலினின் வயிற்றில் ஒட்டிய மைக் வில்லின் உராய்வை மரம் அறுப்பது போலக் காட்டும். மிருதங்கத்தின் சாப்பு கதவைத் தட்டுவது போல விழும். தம்புராவோ, மேடையில் ஒரு சிற்பம். இந்த நேரிசையைப் போலத்தான் வீட்டுப் பெட்டி ஒலிக்க வேண்டும் என்றால், அது சபையை என்றோ வென்றுவிட்டது! இலட்சம் ரூபாய்ப் பெட்டிகள் கூட வேண்டா. இடைத்தரமான ஒன்றும் அமைதியான அறையும் போதும். அன்னா கேஸ் எந்திரத்துக்கு ஏற்பத் தம் குரலைத் திருத்திக்கொண்டார். நாம் கச்சேரியையே எந்திரமாக்கிக்கொண்டு, அதைப் போல எந்திரம் ஒலிக்கிறதா என்று வீட்டில் சோதிக்கிறோம்.

நிற்க. மெய்யான நேரிசையையே எடுத்துக்கொள்வோம். அதை வீட்டுக்குள் கொண்டுவரத்தான் வேண்டுமா? நாகசுரத்தை எண்ணிப் பாருங்கள். நான்கு மாட வீதிகளுக்கும் கோபுரத்துக்கும் திறந்த வானத்துக்கும் என்று பிறந்த கருவி அது. கூடத் தவில். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, நேரில் ஒலித்த அதே அளவில் இராமகிருஷ்ணபுரத்து இரண்டறைக் குடியிருப்பில் ஒலித்தால், முதலில் சன்னல் கண்ணாடி அதிரும். அடுத்து மேல்மாடிக்காரர் வருவார். அதற்கடுத்து காவல்துறையும் வரலாம். அந்தத் தோடியை நாம் வீட்டில் தணித்துத்தான் கேட்கிறோம். தணித்துக் கேட்டும் கண் கலங்குகிறோம். நேரிசையின் அளவில் இல்லாத ஒன்று நம்மைக் கலங்கச் செய்கிறது என்றால், கலக்கத்துக்குக் காரணம் ஒப்புமை அன்று, வேறொன்று.

அறையும் ஒத்துழைப்பதில்லை. 12 அடி நீள அறையில் சுவருக்கும் சுவருக்கும் இடையே நொடிக்கு ஏறத்தாழ 47 அதிர்வுள்ள ஒலி தேங்கி நிற்கும். அதன் மடங்குகளான 94, 141 ஆகியவையும் அங்ஙனமே. ஆகவே தாழ்ந்த ஒலிகள் ஒரு மூலையில் இரட்டிப்பாகவும் நடு அறையில் நோஞ்சானாகவும் கேட்கும். எத்தனை விலை கொடுத்த பெட்டியும் இந்தக் கணக்கிலிருந்து தப்பாது. மேலும், சித்திரை முதல் புரட்டாசி வரை தில்லியில் கூலரோ குளிர்சாதனமோ இரைந்துகொண்டே இருக்கிறது. அடுக்களையில் குக்கர் கூவுகிறது. பிடியின் மெல்லிய தொடக்கத்தை இவை விழுங்கியபின், மிச்சம் உள்ளதன் மெய்ம்மையைப் பற்றி வாதிடுவதில் என்ன பொருள்? 2016-இல் ஏழாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை கைக்கு வந்தபோது, அலுவலக நண்பர் ஒருவர், நொடிக்கு 40,000 அதிர்வு வரை ஒலிக்கவல்லவை என்று அச்சிட்ட பெட்டிகளை வாங்கினார். மனிதச் செவியின் மேல் எல்லை இளமையில் 20,000. ஆண்டு ஏற ஏற அது இறங்கும். நண்பருக்கு அப்போதே ஐம்பத்திரண்டு. அவர் கொடுத்த விலையில் ஒரு பகுதி தெருநாய்களின் இசையின்பத்துக்குச் சென்றது என்று நான் சொன்னதை அவர் இன்றும் மன்னிக்கவில்லை.

அங்ஙனமாயின் எதுவும் போதும், கைப்பேசியே போதும் என்கிறாயா என்று கேட்பர். இல்லை. வீட்டு எந்திரம் நேரிசையின் பிரதியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சிலவற்றில் பொய் சொல்லாதிருக்க வேண்டும்.

முதலாவது சுருதி. நம் இசைக்கு உயிர் கமகத்தில் இருக்கிறது. கமகமோ சுரத்தின் நுண்ணிய அசைவில் இருக்கிறது. 78 சுற்றுத் தட்டை 80 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதி அளவு ஏறிவிடும். பழைய கேசட்டு நாடா தளர்ந்து ஓடும்போது சட்ஜமே தள்ளாடும். வித்துவான் பாடாத கமகத்தை நாடா பாடிவிடும். கேட்டுக் கற்கும் பிள்ளை அதையும் சேர்த்துக் கற்கும். இன்றைய கணினிப் பதிவில் அந்தத் தள்ளாட்டம் இல்லை. இது பெரும் பேறு. ஆனால் எதிர்மறையான தீமை ஒன்று புகுந்திருக்கிறது. 1997-இல் வெளிவந்த சுருதி திருத்தும் கணினிக் கருவி திரையிசையோடு நில்லாமல் பக்திப் பாடல் பதிவுகளிலும் நுழைந்துவிட்டது. அது சுரத்தை நேராக நிமிர்த்தும். தோடியின் காந்தாரத்தை அங்ஙனம் நிமிர்த்தினால் எஞ்சுவது யாது? 'இரைச்சல் இல்லை, தெளிவாக இருக்கிறது' என்று பாராட்டுகிறோம். இரைச்சலோடு மெய்யாக ஒலித்த பழைய தட்டு, தெளிவாகப் பொய் சொல்லும் புதிய பதிவினும் ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டாவது காலம். இதைப் பற்றி ஒலிக்கருவி வல்லுநர் எவரும் பேசக் கேட்டதில்லை. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடம். நான்கு மணி நேரக் கச்சேரி செய்த மேதைகள் தம் கலையை அந்தச் சிமிழுக்குள் அடைத்தனர். அடைத்ததில் சில மணிகள் கிடைத்தன, ஒப்புகிறேன். ஆனால் இராகம் தானம் பல்லவி என்னும் மலையைச் சிமிழில் காட்ட இயலுமா? இன்று சிமிழின் கட்டாயம் இல்லை. மூன்று மணி நேரப் பதிவும் கையகலக் கருவியில் தடையின்றி ஓடும். நாமோ, அதைப் பத்துப் பத்து நிமிடமாகத் துண்டாடிக் கேட்கிறோம். ஆலாபனை தொடங்கியதும் விரல் திரையைத் தள்ளுகிறது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபையிலிருந்து சிற்றுண்டிச் சாலைக்கு எழுந்து ஓடிய நம் முன்னோரின் வழக்கம் இப்போது விரலுக்கு இறங்கியிருக்கிறது போலும். ஒரு காம்போதியை முழுதாக, எழாமல், இடையில் தொலைபேசியைப் பாராமல் கேட்கும் வீடு, எளிய வானொலிப் பெட்டியோடு இருந்தாலும், என் கணக்கில் நேரிசைக்கு மிக அருகில் இருக்கிறது.

மூன்றாவது, மிருதங்கத்தின் இடந்தலை. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைத் தருவதே இல்லை. ஆகவே அதில் மட்டும் கேட்டு வளரும் குழந்தைக்கு மிருதங்கம் ஒரு தலை வாத்தியம். தொப்பி என ஒன்று இருப்பதும் அதில் ரவை அப்புவதும் புத்தகச் செய்தி. இந்தக் கருவியின் அருமையை உலகுக்கு அறிவித்தவர் யார் என எண்ணிப் பாருங்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1907-இல் நடுவணரசின் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்ற சி.வி. இராமன். பகலில் கணக்குக் கோப்புகள். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவின் அறிவியல் கழகத்து ஆய்வுக்கூடம். 1917-இல் அப்பதவியைத் துறந்து பேராசிரியரான பின், 1920-இல், நடுவில் கருஞ்சாந்து ஏற்றிய நம் தோற்கருவிகள், பிற முழவுகளைப் போலன்றி, நரம்புக் கருவிகளைப் போல இசைவான மேலொலிகளை எழுப்புகின்றன என்று காட்டினார். தம்புராவின் அகன்ற குதிரையில் நரம்பு உரசி எழுப்பும் ஒலிச்செறிவையும் அவர் ஆராய்ந்தார். புலம்பெயர்ந்த தமிழ் அரசு ஊழியர் ஒருவர் காது கொடுத்துக் கேட்டதால் விளைந்த அறிவு அது, நம்மனோர் பெருமைப்படலாம். அவர் கேட்டது மேசைமேல் இருந்த மெய்யான கருவியை என்பதையும் நினைவில் வைக்கலாம்.

நான்காவது சொல். சகரமும் ழகரமும் கேட்கத்தக்க பெட்டி வேண்டும். தமிழ்ப் பாடலின் சொல் புரியாத இசை நம் சங்கத்துக்கு ஆகாது. இவ்வளவே. இந்நான்குக்கும் வேண்டிய கருவி ஒரு மாதச் சம்பளத்தை விழுங்காது. வேண்டும் அமைதியோ விலைக்குக் கிடைப்பதில்லை.

இனி எதிர்க்கட்சியின் வலிமையான வாதத்துக்கு வருகிறேன். "சென்னையில் இருப்பவனுக்கு நீ சொல்வது பொருந்தும், அவன் மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு போனால் கச்சேரி. நமக்கோ ஒன்றரை நாள் ரயில். சொந்த ஊருக்கான பயணச் சலுகை இரண்டாண்டுக்கு ஒருமுறை. அதையும் பள்ளி விடுமுறையை ஒட்டி வெயில் காலத்தில் தீர்த்துவிடுகிறோம். மார்கழிக்கு மிச்சம் இல்லை. நேரிசைக்கு வழியில்லாத நமக்கன்றோ வீட்டு ஒலி மெய்போல இருக்க வேண்டும்?" என்பர். இது அலட்சியம் செய்யத்தக்க வாதம் அன்று. ஆயினும் தவறானது, ஏன் என்பதை நம் சொந்த வரலாறே சொல்லும்.

தில்லிக்கு முதலில் வந்த தலைமுறையை எண்ணுங்கள். அவர்கள் எதில் கேட்டனர்? வால்வு வானொலியில். 1952-இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சியை அதில்தான் கேட்டனர். சென்னை நிலையத்தை இரவில் தேடிப் பிடித்தால், அலை ஏறும், இறங்கும். பல்லவியின் நடுவே வேற்றுமொழிச் செய்தி குறுக்கிடும். மத்திய அலை வானொலியில் 4,500 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலிகள் பெரும்பாலும் வந்து சேர்வதே இல்லை. இத்தனை கரகரப்பிலும் அவர்கள் இராகத்தைக் கண்டனர். பாடகரின் மூச்சைக் கண்டனர். 'பலே' என்று தனியறையில் கூவினர். எங்ஙனம் இயன்றது? அவர்கள் செவிக்குள் தஞ்சையும் குடந்தையும் மாயவரமும் இருந்தன. திருவிழாவில் ஒரு முழ இடைவெளியில் நின்று நாகசுரம் கேட்டவர்கள். திருமணப் பந்தலில் ஜமக்காளத்தில் அமர்ந்து பாட்டுக் கேட்டவர்கள். எந்திரம் விட்டதை அவர்கள் செவி நிரப்பிற்று. இது கற்பனை அன்று. தொலைபேசி 300 அதிர்வுக்குக் கீழுள்ள ஒலியைக் கடத்துவதில்லை. ஒரு கட்டைச் சுருதியின் ஆதார சட்ஜமோ ஏறத்தாழ 131. அந்த ஒலி கம்பியில் வரவே இல்லை. ஆயினும் மேலொலிகளிலிருந்து நம் செவி அதை ஊகித்துச் சட்ஜத்தைக் கேட்கிறது. செவி ஒரு கணக்கன். முந்திய இருப்பு இருந்தால், காணாமற்போன தொகையைச் சரிக்கட்டிவிடும்.

அந்த முந்திய இருப்பு நம் பிள்ளைகளிடம் இல்லை. வால்வு வானொலியின் காலத்தைவிட நூறு மடங்கு சிறந்த ஒலி அவர்களுக்கு அறைதோறும் கிடைக்கிறது; அதனோடு ஒட்டுவதற்கான நினைவு அவர்கள் செவியில் ஒரு துளியும் இல்லை. இருப்பே இல்லாத கணக்கில் வட்டி விகிதத்தை உயர்த்தி யாது பயன்? பெட்டியின் விலையை ஏற்றுவது அத்தகையதே.

சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரத்து மன்றம் ஒன்றில் வீணைக் கச்சேரி. மன்றத்தின் பெயர் வேண்டா. ஒட்டு மைக்கின் வழியே வந்த ஒலி கித்தாரா, வீணையா என்று ஐயுறும் வண்ணம் இருந்தது. கச்சேரி முடிந்தபின் என் மகளை அழைத்துக்கொண்டு, வணக்கம் சொல்ல மேடைக்குப் பின்னால் சென்றேன். வைணிகர் உறையில் இடுவதற்கு முன் ஏதோ நினைவில் சாரணி நரம்பை ஒருமுறை மீட்டினார். ஒரு மத்தியமம், அதை இழுத்துப் பஞ்சமம். அவ்வளவே. அப்போது ஒன்பது வயதான அவள், மூன்றாண்டாக வாய்ப்பாட்டுக் கற்பவள், வீட்டில் எத்தனையோ வீணைப் பதிவுகளைக் கேட்டவள், என் கையைப் பற்றி, "அப்பா, இது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டாள். மரத்திலிருந்து ஒலி வரும் என்பது அவளுக்குச் செய்தியாக இருந்தது. அன்று முதல் அவள் அதே பழைய பதிவுகளை அதே பழைய பெட்டியில் கேட்கும் முறை மாறிவிட்டது. பெட்டியை நான் மாற்றவில்லை.

வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார்; நம் இசைவாணர்கள் 'கேள்வி ஞானம்' என்று அதற்குத் தனிப் பெயரே சூட்டினர். கேள்விக்கு முதல் தேவை, கேட்கத்தக்க மூலம். அதை வழங்கக்கூடிய நிறுவனம் தலைநகரத்தில் எது? தனிக் குடும்பத்தால் இயலாது, சங்கத்தால் இயலும். சங்கமோ, பொதுக்குழு கூடும்போதெல்லாம், ஒலிபெருக்கி அமைப்பை மேம்படுத்துவது பற்றித்தான் பேசுகிறது. ஆறாயிரம் வாட்டா, எட்டாயிரம் வாட்டா என்று உறுப்பினர் வாதிடக் கேட்டிருக்கிறேன். முந்நூறு பேர் அமரும் இடத்துக்கு எட்டாயிரம் வாட்டு! சங்கத்தின் பணம் நம் சந்தா. அதில் ஒரு பகுதியை ஒலியைக் குறைப்பதற்குச் செலவிடுங்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவு சொல்லப்பட்டிருக்கிறது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல், கோலாவது 24 பெருவிரல் அளவு. பெருவிரலை ஓர் அங்குலமாகக் கொண்டால், ஏறத்தாழ 14 அடிக்கு 16 அடி. யாழும் குழலும் தண்ணுமையும் மிடற்றுப் பாடலும் ஒன்றையொன்று மிஞ்சாமல் ஒத்துச் சென்ற அரங்கு அது. ஒத்துச் செல்லுதலைக் கருவி ஆசான்களின் இலக்கணமாகவே இளங்கோவடிகள் காட்டுகிறார். ஒலிக்காரரை நோக்கி விரல் உயர்த்தும் இலக்கணம் அங்கே இல்லை. அத்தகைய அரங்கு நமக்கு இருக்கிறது. சங்கத்து நூலகக் கூடத்தின் ஒரு பாதி அதற்குப் போதும்.

மாதம் ஒருமுறை, அறுபது பேர், தரையில் ஜமக்காளம், மைக் இல்லாத ஒன்றரை மணி நேரக் கச்சேரி. இதற்குச் சென்னையிலிருந்து விமானச் சீட்டுப் போட்டுப் பெருவித்துவான்களை அழைக்க வேண்டுவதில்லை. தில்லியிலேயே வாய்ப்பாடும் வயலினும் மிருதங்கமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர். மைக் இன்றி வாசிக்க அவர்களுள் சிலருக்கு முதலில் கூச்சம் இருக்கலாம், குரல் எட்டுமோ என்னும் அச்சம் இருக்கலாம். அறுபது பேர் வாயை மூடிக்கொண்டிருந்தால் எட்டும். முன் வரிசையைச் செயற்குழுவுக்கும் சிறப்பு விருந்தினருக்கும் ஒதுக்காமல் பிள்ளைகளுக்கு விட்டுவிட வேண்டும். மிருதங்கத்தின் இடப்பக்கம் நான்கு பேராவது அமர இடம் வேண்டும். கச்சேரி முடிந்தபின் விரும்பும் குழந்தை தம்புராவின் குடத்தில் காதை வைத்துப் பார்க்கட்டும்.

செலவு என்று பார்த்தால், கலைஞர் மூவருக்குச் சன்மானம், தேநீர், அலமாரியின்மேல் பல ஆண்டுகளாக உறையோடு கிடக்கும் சங்கத்துத் தம்புராவுக்குப் புது நரம்பு நான்கு, ஜீவா நூல் ஓர் உருண்டை. தொடங்குவதற்கு ஜனவரி மாதம் ஏற்றது. அப்போது மின்விசிறி சுழலாது, கூலர் இரையாது. சன்னல்களைச் சாத்திவிட்டால் வெளிவட்டச் சாலையின் பேருந்து ஒலியும் பெரும்பாலும் அடங்கிவிடும். பிப்ரவரியில் கூடும் செயற்குழுவுக்குக் காத்திராமல், நூலகக் கூடத்தின் திறவுகோலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குத் தந்தால் போதும். ஜமக்காளம் நான் கொண்டுவருகிறேன்.